கேள்விக்காரம்மாவிடம் சொல்லக்கூடாதது

1

இந்தக் கதை ஒரு பாதி வாக்கியத்தில் பிறந்தது. வாக்கியம் என்னுடையதுதான். ஆனால் மீதிப் பாதியை எழுத எனக்கு அனுமதி இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு ஏமாற்றுக்காரன் என்று திட்டாதீர்கள்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவளுடைய சோகக் கண்களில்—’

அக்கா எட்டிப் பார்த்தாள். “யாருடா இவ? நான் ஜன்னல் பக்கமே போனதில்லையே?”

அடித்துவிட்டேன்.

2

சரி, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். சாலை விபத்தில் முழங்கால் உடைந்தது. கால் ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. அக்காதான் இரண்டு வருடமாக வாசல்படி தாண்டவில்லை. பேச்சும் வெறும் முனகலாகிவிட்டது. “என்னால யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்பாள். பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நான், எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். விபத்துக்குப் பின் வீட்டுக்குள் முடங்கியவர்களை வேலைக்குத் திரும்ப வைப்பது பற்றி அடுத்த வருடம் பெரிய ஆய்வு ஒன்று நடக்கப்போகிறது. அதற்கு முன்னோட்டமாக இருபத்துநான்கு பேர். சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு ஒரு பயிற்சியாளர். கூடவே வந்து நடக்க வைப்பார். மீதிப் பேருக்கு ஒரு கையேடு மட்டும். மூன்றாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கும் பெண்ணுக்கு, யார் எந்தப் பக்கம் என்று தெரியவே கூடாது. தெரிந்தால் அவரை அறியாமலே மதிப்பெண் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். யாருடைய பக்கம் தெரிந்துவிட்டதோ அவருடைய பதில்களைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

இதையெல்லாம் விளக்கி அவர்கள் அனுப்பிய தாளை அக்கா மூன்று முறை படித்தாள்.

“இருபத்துநாலே பேர்தான்டா. அதுல என் பதிலும் அவங்களுக்கு வேணுமாம்.”

(அவள் இதைச் சொன்ன விதத்தை அழகாகச் சொல்ல நான்கு வாக்கியம் எழுதினேன். நான்கும் குப்பைக் கூடையில்.)

3

மூன்றாம் மாதம் கேள்விக்காரம்மா வந்தார். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதற்கெல்லாம் பயம் என்று பொறுமையாகக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னாள். நான் டீ கொடுத்தேன். அத்தோடு உள்ளே போயிருக்க வேண்டும். சும்மா இருக்குமா என் வாய்?

“ரொம்ப நன்றி மேடம். எங்க அக்காவுக்கு அந்த—”

“வாயை மூடுடா!”

தெருவுக்கே கேட்டிருக்கும். மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு வருடமாக முனகியவள் எழுந்து நின்று விரலை நீட்டுகிறாள்! “உளறித் தொலைச்சிடாதடா! என் பதில் கணக்குல வரணும்!”

சத்தியமாகச் சொல்கிறேன், திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

கேள்விக்காரம்மா சிரித்தார். “எனக்கு ஒண்ணும் புரியலைங்க. பயப்படாதீங்க, உங்க பதில் பத்திரமா இருக்கு.” செருப்பை மாட்டும்போது என்னிடம், “சார், உங்க கதை ஒண்ணு விடாம படிச்சிடுவேன்” என்றார்.

வந்ததே வினை! அவர் இன்னும் ஒரு முறை வர வேண்டும்.

4

முடிவு ஒன்று: பயிற்சியாளர் வந்தார். முதல் நாள் வாசல்படி. பத்தாம் நாள் தெருமுனை மருந்துக்கடை. அங்கே அக்கா அழுதாள். அவர் அவசரப்படுத்தாமல் நின்றார்.

முடிவு இரண்டு: கையேடு வந்தது, ஆள் வரவில்லை. அக்கா ஏழாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “என் செருப்பு எங்கடா?” என்றாள். நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினேன்.

இரண்டில் ஒன்றுதான் நடந்தது. அக்கா இதைப் படித்து, நடந்த முடிவிலிருந்து ஒரு வரியை அடித்தாள். “இதை வெச்சுக் கண்டுபிடிச்சிடுவாங்க.” பிறகு சந்தேகம் வராமலிருக்க நடக்காத முடிவிலிருந்தும் ஒரு வரியை அடித்தாள். அப்புறம் கிளம்பிவிட்டாள், கடையில் இப்போது அரைநாள் வேலை.

எது நடந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கேள்விக்காரம்மா, நீங்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஒன்பதாம் மாதம் கடைசிக் கேள்வியும் முடிந்தபின் மிச்சத்தை அக்காவே தன் வாயால் சொல்வாளாம். அதுவரை என் வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப நன்றி மேடம்.