நடுத்தெருவில் நிற்கிற கால்

இத்தாலியின் பலெர்மோவில் தெருவைக் கடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வாகனம் நிற்கட்டும் என்று காத்திருந்தால் பொழுதுபட்டாலும் இந்தக் கரையில்தான் நிற்க வேண்டும். துணிந்து இறங்கிவிட வேண்டும். ஓட்டி வருகிறவனின் கண்ணைப் பார்க்க வேண்டும். ஓடக் கூடாது, தயங்கக் கூடாது, செத்தாலும் நடுவில் நிற்கக் கூடாது. எங்கள் நடையைப் பார்த்துத்தான் அவன் முன்னாலேயோ பின்னாலேயோ வெட்டிக்கொண்டு போவான். நாங்கள் நின்றால் அவன் கணக்குப் பிழைத்துவிடும்.

வந்த முதல் மாதமே நான் இதைப் படித்துவிட்டேன். என் கணவர் இராஜதுரைக்கு எட்டு மாதமாகியும் மண்டையில் ஏறவில்லை.

அவரை இங்கே கூப்பிடப் பதினொரு வருடம் அலைந்தேன். எத்தனை கந்தோர், எத்தனை வரிசை. கடைசியில் கடதாசி எல்லாம் சரிவந்து மனிதர் வந்து இறங்கினால், ஒரு தெரு அவரை என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தது.

எங்கள் வீடு சீசா என்கிற பகுதியில். அவருக்குப் பொலிதேயாமாப் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெரிய தெரு. சிக்னல் விளக்குக் கிடையாது, தரையில் வெள்ளைக் கோடு மட்டும். ஊரில் மஞ்சள், இங்கே வெள்ளை, அவ்வளவுதானே என்றார் முதல் நாள். இறங்கி நாலு அடி வைத்திருப்பார், ஒரு லொறி இரைந்துகொண்டு திரும்பியது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கையைத் தொங்கப்போட்டு, தலை குனிந்து. ஊரில் ஆமி வாகனங்கள் வரிசையாகப் போகும்போது சைக்கிளை விட்டு இறங்கி நின்ற அதே நிலை. அன்றைக்கு அப்படி நின்றபடியால்தான் உயிரோடு இருக்கிறார். அதே பழக்கம் இங்கே அவரைக் கொண்டுபோய்விடும்.

அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், "ஏனப்பா நடுவிலை நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"நானோ? நான் நிக்கேல்லையே."

அவர் பொய் சொல்லவில்லை. தான் நின்றது அவருக்கே தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். அந்த இடத்தில் அடிபட்டுச் செத்த ஒரு கிழவரின் படத்தையும் பிளாஸ்டிக் பூவையும் அதில் கம்பியால் கட்டியிருந்தார்கள். மழையில் வெளிறி மூக்கும் வாயும் போய், கண் இரண்டும் மட்டும் மிஞ்சியிருந்தன. வாடின பூ என்றால் எடுத்து எறியலாம், வாடாத பூவை என்ன செய்வது? எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். இவரோ தினமும் அதன்முன் நின்று, ஏதோ அறிந்த மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவார்.

ஆகவே காலையில் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கடத்திவிட்டுத்தான் நான் வீட்டுவேலை செய்கிற சிஞ்ஞோரா அம்மா வீட்டுக்கு ஓடுவேன். கோப்பிக் கடை வாசலில் நிற்கும் பத்மநாதன் அண்ணைக்கு அது வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போறீரோ என்று கேட்டுச் சிரிப்பார். என் பிடிக்குள் இவர் மணிக்கட்டு இறுகும்.

ஒரு வியாழக்கிழமை மறுபடியும் நின்றார். ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி அவர் சட்டைக் கையைக் கொளுவி, பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போனது. என் பிடி இருக்கும்போதே. பயத்தில் எனக்கு விசர் பிடித்தது. சனம் பார்க்க, நடுத்தெருவில் மாடுமாதிரி நிற்கிறாய் என்று கத்தினேன். ஒருநாளும் அவரை நீ என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, வெள்ளை நூல் இல்லாமல் நீல நூலால் புதுப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். அதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"திங்கட்கிழமையிலையிருந்து நான் தனியப் போறன். நீர் பின்னாலை வரக்கூடாது. சத்தியம் பண்ணும்."

சுவாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினேன்.

ஞாயிறு முழுக்கப் பயிற்சி. குசினிக்கும் கட்டிலுக்கும் இடையில் அவர் நடந்தார்; நான் இரைந்துகொண்டு குறுக்கே வந்தேன், ஒருமுறை ஸ்கூட்டராக, ஒருமுறை லொறியாக. சிரிப்புத் தாங்காமல் இரண்டு தரம் நின்றார். மூன்றாந்தரம் நிற்கவில்லை.

திங்கட்கிழமை அவர் படியிறங்கிய சத்தம் அடங்கும்வரைதான் என் சத்தியம் தாக்குப்பிடித்தது. கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் போனேன். கம்பத்தின் முன்னால் அவர் அன்றைக்கு நிற்கவில்லை. அந்தக் கண்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக இறங்கினார். ஒரு கார் வந்தது, நடந்தார். பஸ் வந்தது, ஓட்டுநரைப் பார்த்தார், நடந்தார். அக்கரையில் ஏறிவிட்டார். எனக்குக் கண்ணீர் முட்டியது. அந்தச் சந்தோசத்தில் நானும் இறங்கியதை நான் கவனிக்கவில்லை.

தான் வென்ற தெருவை ஒருதரம் பார்க்கத்தான் திரும்பியிருப்பார். நடுவில் நான். அவர் முகம் சுருங்கியது. அம்பிகை என்று என் பெயரைச் சொல்லி வாயசைந்தது.

களவெடுத்துப் பிடிபட்ட மாதிரி எனக்கு வெட்கமாகிவிட்டது. தலை தானாகக் குனிந்தது. காதுக்குப் பக்கத்தில் ஹோர்ன் அடித்தது. ஒரு ஸ்கூட்டர் முதுகை உரசிக்கொண்டு போனது. அதன்பிறகுதான் விளங்கியது, நான் நின்றுவிட்டேன் என்று. இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் ஒருநாளும் நிற்காத கால்.

நிமிர்ந்தபோது அவர் மறுபடி இறங்கியிருந்தார். என் மணிக்கட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். சட்டைக் கையில் நீல நூல் தெரிந்தது. ஓடவில்லை, தயங்கவில்லை. லொறி இரைந்தது, அவர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குசினியிலிருந்து கட்டில்வரை நடந்த அதே நடை.

கம்பத்தில் இப்போது இரண்டு படங்கள். இரண்டாவதைப் பத்மநாதன் அண்ணைதான் கட்டினார்.

"அந்த ஆள் என் பக்கம் ஒருதரம் பார்த்திருந்தால் நான் பிறேக் போட்டிருப்பேன்" என்று லொறிக்காரன் பொலிசுக்குச் சொன்னானாம். கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. நான் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அவர் பிசகாமல் செய்தார், இது ஒன்றைத் தவிர. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.