விபூதி பூசிய ஆயில் சம்ப்

"கல்லு வந்து உங்கள அடிச்சிதா, நீங்க போயி கல்ல அடிச்சீங்களா?"

"நான் பாட்டுக்கு போய்க்கினு இருந்தேங்க. அது நடுவுல படுத்துக்கினு இருந்துச்சி."

"படுத்துக்கினு இருக்கறத பார்த்தா ஒதுங்கிப் போகணும். மேலயா ஏத்துவாங்க?"

பொன்னுரங்கம் முதன்முதலில் செவ்வந்தியின் உதிரிபாகக் கடைக்குப் போனபோது நடந்த பேச்சு இது. அன்றைக்கு உடைந்தது சைலன்சர். கல்வராயன் மலைக்கு வாடகைக்கு ஓட்டும் அவனுடைய அம்பாசடர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதும், இந்தப் பேச்சு அவனுக்கு ஞாபகம் வரும். தனியாகச் சிரிப்பான். பின்சீட்டில் இருப்பவர்கள் முன்சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

செவ்வந்தியைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்க வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். கேட்பதற்காகவே கடைக்குப் போவான். வைப்பர், பக்கவாட்டுக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்று எதையாவது வாங்கிக்கொண்டு திரும்புவான். ஹாரனை மட்டும் மூன்று முறை மாற்றிவிட்டான். வாயைத்தான் திறக்க முடியவில்லை.

காரணம், கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் கொளஞ்சியம்மாள். செவ்வந்தியின் மாமியார். மகன் காய்ச்சலில் போன பிறகு, அவன் வைத்திருந்த பழைய உதிரிபாகக் கடையை மருமகள் எடுத்து நடத்த, மாமியார் காவல். சின்னசேலத்திலிருந்து பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டபோதுகூட, "அத்தைய தனியா வுட்டுட்டு எப்படி வரது?" என்று செவ்வந்தி மறுத்துவிட்டாள். அப்படிப்பட்ட மாமியார் முன்னால், அவளுடைய மருமகளைப் பெண் கேட்பது எப்படி? கோபித்துக்கொண்டால் அப்புறம் கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

இந்த நிலையில்தான் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது வண்டியின் அடிவயிற்றில் 'டொம்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், எஞ்சினுக்கு அடியில் ஆயிலைத் தாங்கி நிற்கும் சம்ப் கிழிந்து, ரோடெல்லாம் கறுப்பு. வேறு டிரைவராக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பான். பொன்னுரங்கம் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டான்.

மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று கயிறு கட்டிக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்து வந்தது. மெக்கானிக் அய்யனார் சம்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

"சின்ன கிழிசல்தான். வெல்டிங் வெச்சா போதும்."

"வேணாண்ணே. வேறதான் போடணும்."

"அட, நல்லா இருக்கும்டா!"

"இன்னாண்ணே இது, எஞ்சின் சமாச்சாரம்!" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினான்.

செவ்வந்தி கிழிந்த சம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "திரும்ப படுத்துக்கினு இருந்துச்சா?" என்று கேட்டாள். பிறகு மூலையில் சாக்குக்கு அடியிலிருந்து இரண்டு பழைய சம்பையும், பரணிலிருந்து ஒன்றையும் எடுத்து வந்து வைத்தாள்.

பழைய சம்ப் வாங்கும்போது நசுங்கல் கண்ணுக்குத் தெரியும், மயிரிழை விரிசல் தெரியாது. அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. வெளிப்பக்கம் முழுக்க விபூதியைப் பூசுவாள். உள்ளே கிருஷ்ணாயிலை ஊற்றிவிட்டுக் காத்திருப்பாள். விரிசல் இருந்தால் விபூதியில் ஈரக்கோடு ஓடும்.

சாமி படத்துக்குக் கீழே இருந்த விபூதிக் கிண்ணம் காலியாவதைக் கொளஞ்சியம்மாள் பார்த்தாள். "சாமிக்கு கம்மி, சம்புக்கு ஜாஸ்தி" என்று முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் சம்ப் நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தது. கிருஷ்ணாயில் கசிகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"மலைல மழைங்களா?"

"லேசா தூறுச்சிங்க."

மெதுவாக ஒரு கோடு கிளம்பியது. பொன்னுரங்கத்துக்குப் பரம சந்தோஷம்.

"அடடா, போச்சே!"

இரண்டாவதற்கும் அதே அபிஷேகம். ஆயிலை இறக்கும் திருகாணிப் பக்கம் கசிந்தது. மரை தேய்ந்திருக்கிறது என்றாள். அந்தக் காத்திருப்பில் தியாகதுருகம் சந்தை, அவன் தங்கச்சி பிரசவம், கருவேப்பிலைக் குழம்பு எல்லாவற்றையும் பேசி முடித்தார்கள். கேட்க வேண்டியது மட்டும் பாக்கி.

மூன்றாவது சம்பில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கிருஷ்ணாயிலைக் கொட்டிவிட்டு, கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்தாள்; ஓரம் ஆடாமல் அப்படியே படிந்தது. ஆழமும் கிழிந்த சம்புக்குச் சரியாக இருந்தது. பொன்னுரங்கத்தின் முகம் வாடியது. இனி வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"ஓரத்துல கறுப்பா இன்னாவோ..."

"பழைய கேஸ்கட்டு. சொரண்டினா போயிடும்."

"இங்க விரிசல் மாதிரி..."

"அது உங்க தலைமுடி."

"உள்ளார ஒரு சத்தம் வரலீங்க?"

"வருது. உங்க வயித்துல. காலைல சாப்டலியா?"

ஸ்டூலிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கொளஞ்சியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"ஏம்பா, ஊரு உலகத்துல நல்ல சாமான்னு எடுத்துக் காட்டனா அழுவறவன் நீ ஒருத்தன்தாம்பா." பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் இன்னாடி? அந்த ரெண்டும் ஓட்டைன்னு ஆடி மாசமே பார்த்து, காயலாங்கடைக்குப் போட மூலைல தள்ளி வெச்சவ நீதான? இன்னிக்கி எதுக்கு அத எடுத்தாந்து விபூதி பூசிக்கினு இருந்த?"

செவ்வந்தியின் கை கண்ணாடிப் பலகை மேலேயே நின்றுவிட்டது. காது மடல் சிவந்தது.

பொன்னுரங்கம் அவளைப் பார்த்தான். அவளும் நேரத்தை இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தான். மாமியார் அவன் முகத்தையே பார்த்தாள். வாயைத் திறந்தான்.

"திருகாணிக்கு... வாஷர் ஒண்ணு வேணுங்க."

கொளஞ்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சிடா! இவன் வாஷர் கேட்டுக்கினே கெழவனாயிடுவான்."

செவ்வந்தி பனியன் துணியில் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, மாமியாரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, இவர நான் கட்டிக்கணும். நீயும் எங்ககூடவே இருக்கணும். சரின்னு சொல்லு அத்த."