அறுபது கொடிகளுக்கு ஊற்றிய தண்ணீர்

"சேச்சி, இந்தப் பொடிக்குள்ள உயிரோட இருக்கிறதுங்களுக்குக் கஞ்சி எத்தனை மணிக்கு?"

விவசாய அலுவலகமான கிருஷிபவனிலிருந்து ஏலிக்குட்டி பொட்டலங்களோடு வந்த அன்று, நாத்தனார் மரியக்குட்டி அவளிடம் இப்படித்தான் கேட்டாள். ஏலிக்குட்டிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. போன மழையில் நூற்றுக்கும் மேல் மிளகுக் கொடிகள் வேரழுகிச் செத்திருந்தன. மிச்சம் அறுபது. கல்யாணமாகி வந்த வருஷம் அவளே நட்டவை. "இந்த மழையிலயும் அழுகினா வெட்டிட்டு ரப்பர்தான்" என்று கணவர் உலகன்னான் சொல்லிவிட்டார்.

பொடியிலிருக்கும் பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறிவிட்டால் அழுகல் அண்டாதாம். வருஷத்துக்கு வீட்டுக்கு ஒரு பங்குதான் தருவார்கள்.

முதல் மழை விட்ட காலையில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தாள். பொடியைக் கரைத்து ஒரு மணி நேரம் வைத்தாள். பிறகு சாணியைக் கலக்கி, வாளி வாளியாகச் சரிவில் சுமந்து, ஒவ்வொரு கொடியின் அடியிலும் ஊற்றினாள். நாலு நாளாகச் சளி. மூக்கில் சாணி வாடைகூட ஏறவில்லை. நாற்பதாவது கொடிக்குப் பிறகு முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அறுபதையும் முடித்தபோது மணி மூன்று.

மரியக்குட்டி கட்டன் சாயாவோடு வாசலில் இருந்தாள். பஞ்சாயத்தில் ஆஷா சுகாதாரப் பணியாளர் வேலை அவளுக்கு.

"என்ன சேச்சி, பிரேதம் மாதிரி வர்ற? உன் பிள்ளைங்க எல்லாம் கஞ்சி குடிச்சிட்டுத் தூங்கியாச்சா?"

"குடிச்சாச்சு. எனக்குத்தான் இல்ல."

"இந்தா, சாயா குடி. குழாய்த் தண்ணியில போட்டது. நாளைக்கு வரைக்கும் கிணத்துத் தண்ணிய வாயில வெக்காதே. மேல வார்டுல மஞ்சக்காமாலை. விடியக்காலையில வந்து பிளீச்சிங் பவுடர் போட்டேன். நீ மாட்டுத் தொழுவத்துல இருந்தே, அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போனேன்."

ஏலிக்குட்டி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கிணத்துல?"

"உங்க வீட்டுல எத்தனை கிணறு இருக்கு?" என்ற மரியக்குட்டியின் பார்வை காலி வாளிகளில் போய் நின்றது. கிருமியைக் கொல்லத்தான் அந்தப் பவுடர் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிபவள் அவள்.

உள்ளேயிருந்து உலகன்னான் வந்தார். "குடிக்கிற தண்ணிக்குன்னு நினைச்சேன். நீ இன்னிக்கு ஊத்துவேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"எல்லாம் செத்திருக்கும்" என்றாள் ஏலிக்குட்டி. கோபப்படவும் அலுப்பாக இருந்தது. "வேற பங்கு கிடைக்காது. மழை நாளைக்குப் பிடிச்சுக்கும்."

உலகன்னான் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ ரப்பருக்குக் குழி வெட்ட ஆள் சொல்லிடறேன்."

அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. சேறு அப்பிய காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தாள்.

மரியக்குட்டி பவுடர் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஏலிக்குட்டியின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு குடையைக்கூட விரிக்காமல், தூறலில் இறங்கிப் போனாள்.