இஸ்க்ராவுக்குக் காய்ச்சல்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. வியாழன் மதியத்துக்குள் மேலிடத்துக்கு நான் அனுப்ப வேண்டிய ஆய்வறிக்கை இது. பல்கேரியாவில் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் அதிகாரி நான். பதினோரு வருடமாக அறிக்கை எழுதிப் பழகிய கை இந்த ஒரு பள்ளிக்கு மட்டும் ஓட மாட்டேன் என்கிறது. பாக்கி இருப்பது ஒரே ஒரு கட்டம்: மாணவர் எண்ணிக்கை. பத்து என்றால் பள்ளி இருக்கும். ஒன்பது என்றால் கோடை விடுமுறையோடு மூடிவிடுவார்கள். பிள்ளைகள் மலையிறங்கி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும், ஜிவ்கா டீச்சர் வேலையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். இன்று புதன், மணி நான்கு.

2

முதல் முயற்சி: “பனி மூடிய மலைச்சரிவில், தேவாலயத்துக்குப் பின்னால், ஒரு சின்னஞ்சிறு…” வேண்டாம். பனியைக் காட்டி உங்களை இளக்கப் பார்க்கிறேன்.

இரண்டாவது: “ஜிவ்கா, வயது ஐம்பத்திரண்டு, வருகைப் பதிவேட்டில் பொய்யாக…” இதுவும் வேண்டாம். இதை எழுத முடிந்திருந்தால் அறிக்கையையே எழுதியிருப்பேனே.

மூன்றாவது: மார்ச் முதல் தேதி ஜிவ்கா டீச்சர் விடியுமுன்பே எழுந்துவிட்டார். [எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது பனித்சா சூடாக மேசையில் இருந்தது. மாவை மெல்லிசாகத் தேய்த்து, பாலாடைக்கட்டி வைத்து அடுக்கிச் சுட நேரமாகும்.*] நாலு வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். அடுப்பு மூட்டுவதும் மூக்குச் சிந்திவிடுவதும் அவர்தான். ஒரு மூலையில் எழுத்துக்கூட்டல், மறுமூலையில் வகுத்தல். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் மேலே நான்.

* இரண்டு துண்டு சாப்பிட்டேன். லஞ்சம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

3

மார்ச் பிறந்தால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைப் பிள்ளைகள் ஆசிரியரின் கையில் கட்டிவிடுவார்கள். டீச்சரின் மணிக்கட்டில் பத்து நூல் இருந்தது. வகுப்பில் ஒன்பது தலை. எண்ணுவதுதான் என் பிழைப்பு, இரண்டையும் எண்ணிவிட்டேன்.

பதிவேட்டில் பத்தாவது பெயர் இஸ்க்ரா. அவள் எங்கே என்று கேட்டேன். அதன்படி அவள் செப்டம்பரிலிருந்து ஒரு நாள்கூட விடாமல் வந்திருக்கிறாள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எட்டு வயது நெவெனா மட்டும் எழுந்தாள்.

“அவளுக்குக் காய்ச்சல் சார். நேத்து வந்தா. இன்னிக்குத்தான் வரல.”

குரல் பிசிறவே இல்லை.

[இங்கே டீச்சர் அழுததாக முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். முகம் வெளுத்தது, அவ்வளவுதான். தினமும் காலையில் பத்துப் பெயரையும் கூப்பிட்டு, பத்தாவதுக்குத் தானே டிக் போட்டதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இதையா இவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்று நினைத்தாராம். இது என் கற்பனை இல்லை, பிறகு அவரே சொன்னார்.]

“உக்காரு கண்ணு. பொய் சொல்லக் கூடாது,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அவ ஸ்பெயினுக்குப் போயிட்டா சார். அவங்கம்மாவுக்கு அங்க வேலை கெடச்சுது, கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாந்தான் வந்ததா எழுதினேன். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

கடைசி வாக்கியமும் பொய். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

4

அத்தோடு முடிந்திருந்தால் என் பாடு சுலபம். டீச்சர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு நோட்டுகளை எடுத்து வைத்தார். இஸ்க்ராவின் வீட்டுப்பாடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தபாலில் வருமாம். இவர் திருத்தி அனுப்புவாராம். மதிப்பெண்ணில் பொய் இல்லை: வகுத்தலில் ஆறுக்கு நாலுதான் போட்டிருந்தார். பத்தாவது நூலும் அந்தத் தபாலில் வந்ததுதான். கூடவே ஒரு சீட்டு: “இங்க டீச்சர் சொல்றது எனக்குப் புரியல. நீங்க சிவப்பு மையில எழுதுறது புரியுது.”

அதைக் காட்டும்போது ஜிவ்கா டீச்சருக்குப் பெருமையை மறைக்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடமே கைவிட்டுப் போகிற நேரத்தில்! எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அறிக்கைக்காக யாரும் தபால்காரரைப் பார்த்துக் காத்திருந்ததில்லை.

படிவத்தில் ‘வந்தாள்’, ‘வரவில்லை’ என்று இரண்டே கட்டம். தபாலுக்குக் கட்டம் கிடையாது.

5

முடிவு அ: பத்து என்று போடுகிறேன். பள்ளி பிழைக்கிறது. டீச்சர் சொல்லக் கூடாது என்று தடுத்த பொய்யை சாரே எழுதிக்கொடுத்தார் என்று நெவெனா தெரிந்துகொள்கிறாள்.

முடிவு ஆ: ஒன்பது. உண்மையைச் சொன்னதால் பள்ளிக்கூடம் போயிற்று என்று தெரிந்துகொள்கிறாள்.

முடிவு இ: செப்டம்பர் பதினைந்து, பள்ளி திறக்கும் நாள், கையில் பூங்கொத்தோடு இஸ்க்ரா வாசலில்… இல்லை. இதை எழுத எனக்குக் கொள்ளை ஆசை. அதனாலேயே நம்பவில்லை.

6

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் கிளம்பும்போது நெவெனா பின்னாலேயே ஓடிவந்து என் கையிலும் ஒரு நூலைக் கட்டினாள். முடிச்சைப் போட்டுவிட்டும் கையை விடவில்லை.

“நான் சொன்னதாலதான் கண்டுபிடிச்சீங்களா சார்?”

இல்லை என்றேன். பதினோரு வருடத்தில் அதைவிட உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

நூல் இன்னும் கையில் இருக்கிறது. மரம் பூக்கிறவரை அவிழ்க்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். எழுதும்போது காகிதத்தில் உரசுகிறது. மணி ஆறாகிவிட்டது. பேனாவை உங்களிடம் தருகிறேன். எதை எழுதினாலும் எழுதுங்கள், ஆனால் நெவெனாவுக்கு அதை நீங்களே போய்ச் சொல்ல வேண்டும்.

மாணவர் எண்ணிக்கை: ______