தோன்றா எழுவாய்

"மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பம் போடணும். குடும்பத் தலைவர் கையெழுத்து வேணுமாம்."

அவள் இதைச் சொன்னபோது மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கணவரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. மாமியார் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். மகன் வாயில் இருந்ததை மெல்லாமல் அம்மாவையே பார்த்தான்.

வரப்போவது சண்டை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வயதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, சமையலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

கணவர் மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எப்போ இருந்துடா இந்த எண்ணம்?"

மகனுக்கு வயது இருபது. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு ஒரு பேக்கரியில் கேக் செய்யக் கற்றுக்கொண்டிருந்தான். அந்தத் தொழிலை அப்பா இரண்டு வருடமாக 'மாவு பிசையற வேலை' என்றுதான் சொல்லிவந்தார். அவரிடமிருந்து இப்படி ஒரு குரல் வரும் என்று அவனுக்கே தெரியாது.

"இல்லப்பா, எனக்கு..."

"ஒண்ணும் சொல்லாதே. நான் திட்டுவேன்னு அம்மாவை விட்டுச் சொல்ல வைக்கிறே. கையெழுத்து என்னடா கையெழுத்து, பத்து இடத்துல போடறேன்."

அவள் ஏமாற்ற நினைக்கவில்லை. பயத்தில் 'நான்' என்கிற சொல் தொண்டையிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். நம் மொழியில் இது ஒரு வசதி. யார் என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எழுவாய் காலியாக இருந்தால் கேட்பவர் தமக்குப் பிடித்தவரை அங்கே உட்காரவைத்துக் கொள்ளலாம் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் இதே விஷயத்தை எழுவாயோடு சொல்லிப் பார்த்திருக்கிறாள். "நான் டாக்டருக்குப் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "சாப்பாட்டுல உப்பு கம்மி" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுத்துச் சொல்ல இப்போதும் வாய் திறந்தாள். அதற்குள் மாமியார் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

"புள்ள படிக்கிற வீடு. இனிமே இந்தச் சத்தம் ஆகாது."

அந்த வீட்டில் டிவி அணைவது சாதாரண விஷயமில்லை. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக ரத்தம் பார்க்கிற வேலை. தெருவில் அவளை 'ரத்தக்காரம்மா' என்பார்கள். அவள் மைக்ராஸ்கோப்பில் கண்டதை எண்ணி எழுதுவாள், கீழே டாக்டர் கையெழுத்துப் போடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தையல்காரரின் ரத்தத்தில் இருக்கக்கூடாத அணுக்களைப் பார்த்தாள். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். "எண்ணறது உன் வேலை, சொல்றது என் வேலை" என்று அவர் லென்ஸில் கண் வைக்காமலே 'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று மாதம் கழித்துத் தையல்காரர் திரும்பி வந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குத்தான் அவள் மகனின் பழைய பள்ளிப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினாள்.

படிப்பில் சேர வயது வரம்பு இல்லை. நுழைவுத் தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. குறுக்கே நின்றது படிவத்தின் கடைசிப் பக்கம் ஒன்றுதான். குடும்பத் தலைவர் சம்மதக் கையொப்பம் என்று ஒரு கட்டம், அதன் அடியில் பொடி எழுத்தில் இப்படி ஒரு குறிப்பு: 'இருபத்தொரு வயது நிறைந்த ஆண்களுக்குத் தேவையில்லை. பெண்கள் எவ்வயதினராயினும் கட்டாயம்.' ஊரார் ரத்தத்தையெல்லாம் நம்பி அவளிடம் கொடுக்கிறார்கள். அவளுடைய படிப்பை அவள் கையில் கொடுக்க மட்டும் இன்னொருவர் சம்மதிக்க வேண்டும்.

அடுத்த நாள் சாயங்காலம் மகன் அவளைச் சமையலறையில் பிடித்தான்.

"அம்மா, அப்பா என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. பயமா இருக்கு."

"நான் இன்னிக்கே உண்மையச் சொல்லிடறேன்டா."

"சொல்லாதே. நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம். 'நான்'னும் சொல்ல வேணாம், 'அவன்'னும் சொல்ல வேணாம். மிச்சத்தை அவங்களே பாத்துப்பாங்க."

பார்த்துக்கொண்டார்கள். முன்னறை மேசை காலியானது. கணவர் தாம் மட்டுமே உட்காரும் சாய்வு நாற்காலியைத் தாமே தூக்கிவந்து அங்கே போட்டார். மேசை விளக்கு வந்தது. 'கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க' அம்மா வேண்டுமென்பதால் சாயங்காலச் சமையலை மாமியார் எடுத்துக்கொண்டார். இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாக ஏழு மணிக்கு அவள் கையில் கரண்டி இல்லை. மகன் எதிரே உட்கார்ந்து கேக் படங்களைப் பார்ப்பான், அவள் வேதியியல் படிப்பாள். வெளியே இரண்டு பெரியவர்களும் பூனை மாதிரி நடப்பார்கள்.

எட்டு மணிக்கு மாமியார் ஏலக்காய் போட்ட பால் கொண்டுவருவார். மகன் அதை மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிடுவான். ஒருநாள் டம்ளரை எடுக்க வந்தவர், மருமகளின் மேலுதட்டில் வெள்ளையாக இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"அவன் குடிக்கலையா?"

"படிக்கிறவங்க குடிக்கட்டும்னு சொல்லிட்டான் அத்தை."

"நல்ல மனசு அவனுக்கு" என்று மாமியார் பெருமையோடு டம்ளரை எடுத்துப்போனார்.

ஆய்வகத்தில் அனுபவச் சான்றிதழ் வாங்கும்போது மட்டும் அவள் எதையும் மறைக்கவில்லை. டாக்டர் அதிர்ந்துபோனார்.

"நீ போயிட்டா இங்க யாரும்மா பாக்கறது?"

"கையெழுத்து போடறவங்க பாக்கலாம் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கையெழுத்திட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று அதையும் படிக்கவில்லை.

கணவர் குடிநீர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அங்கே குமாஸ்தா எழுதிக்கொண்டுவந்து, கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். மேற்பார்வையாளர் குறியைப் பார்ப்பார், போடுவார். மேலே இருப்பதைப் படித்தால் குமாஸ்தா மேல் நம்பிக்கையில்லை என்றாகிவிடும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு அவர் மேசையில் உட்கார்ந்தபோது, படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பெருக்கல் குறி தயாராக இருந்தது.

"முதல் பக்கத்தை ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றாள் அவள். அந்தப் பக்கத்தில் அவள் புகைப்படம் ஒட்டியிருந்தது. அவர் திருப்பினால் திருப்பட்டும் என்றுதான் சொன்னாள்.

"நீ பாத்திருப்பே இல்ல?"

"பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன."

கையெழுத்து விழுந்தது. தம் வயதை எழுதினார். 'விண்ணப்பதாரருக்குத் தங்கள் உறவு' என்ற இடத்தில் பெரிய எழுத்தில் 'தந்தை' என்று எழுதி, எழுத்து காய ஊதினார். அவள் தடுப்பதற்குள் உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டார். மறுநாள் தாமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "நம்ம வீட்ல ஒரு டாக்டர் உருவாகுது" என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டும் வந்தார்.

ஒரு மாதம் போயிற்று. கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது, குடும்பத் தலைவர் பெயருக்கு. மேற்பார்வையாளர் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து உரக்கப் படித்தார்.

"விண்ணப்பதாரரின் வயது நாற்பத்திரண்டு. தந்தை எனக் கையொப்பமிட்டுள்ள தங்கள் வயது நாற்பத்தேழு. இது இயற்கைக்குப் பொருந்துவதாக இல்லை. பத்து நாட்களுக்குள் நேரில் வந்தோ கடிதம் மூலமோ திருத்தவும். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாயின் காரணத்தைக் கைப்பட எழுதி அனுப்பவும்."

கூடவே கையெழுத்திட்ட பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார், இந்த முறை சத்தமில்லாமல்.

"யாருக்கு நாப்பத்திரண்டு?"

"எனக்குங்க."

மாமியாருக்குத்தான் முதலில் புரிந்தது. "அப்போ அந்தப் பாலெல்லாம்?"

"நான்தான் குடிச்சேன் அத்தை."

"முப்பத்தஞ்சு நாளுமா?"

"ஒருநாள் இவன் குடிச்சான். எனக்கு அன்னிக்கு இருமல்."

கணவர் முகம் சிவந்தது. "பொய் சொல்லி என்னை ஏமாத்தியிருக்கே."

"எதுங்க பொய்? விண்ணப்பம் போடணும்னேன், போட்டாச்சு. கையெழுத்து வேணும்னேன். முதல் பக்கத்தைப் பாருங்கன்னும் சொன்னேன்."

"நான் இவனுக்குன்னு நெனச்சேன்."

"தெரியும்" என்றாள். இத்தனை நாள் சிரிப்பாக இருந்தது அப்போது வலித்தது. வேண்டாம் என்றவனுக்கு வீடே எழுந்து நின்றிருக்கிறது. வேண்டும் என்று கேட்டவளுக்கு உப்பு கம்மி. அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"காரணம் எழுதிக் கொடுத்துடுங்க. மகனுக்குன்னா சம்மதம், பொண்டாட்டிக்குன்னா இல்லன்னு உள்ளதை எழுதுங்க. நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

அவர் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினார். 'என் மகனுக்கு என்று நினைத்து' என்று எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. பிறர் எழுதியதில் ஆயிரம் கையெழுத்துப் போட்டவர், தாம் சொந்தமாக எழுதியதைப் படித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். படிக்க நன்றாக இல்லை. தாளைக் கசக்கினார்.

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேனே."

"ஒரு டாக்டர் உருவாகுதுன்னுதானே சொன்னீங்க" என்றான் மகன். "அது அப்படியே இருக்கட்டும்பா."

வெகுநேரம் கழித்து அவர் 'தந்தை' என்பதை அடித்துவிட்டு, சின்ன எழுத்தில் 'கணவர்' என்று எழுதினார். முதல்முறையாக, கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருந்ததையும் படித்தார். 'படிப்பு முடியும்வரை விண்ணப்பதாரரை வீட்டுப் பொறுப்புகளிலிருந்து விடுவித்து, அமைதியான சூழலை ஏற்படுத்தித் தருவேன்.' படித்துவிட்டு எழுந்தார். சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். ரிமோட்டைத் தேடி எடுத்து, முப்பத்தைந்து நாளாக ஊமையாக இருந்த டிவியைப் போட்டார்.

எட்டு மணிக்குப் பால் வரவில்லை. கழுவிய டம்ளர் சமையலறையில் கவிழ்ந்திருந்தது. மாமியார் டிவி முன்னால் அமர்ந்து, "ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று பொதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியிலும் எழுவாய் இல்லை. யாரைக் கேட்கிறார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அவள் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் டிவியை அணைத்தாள்.

"நான் படிக்கணும்" என்றாள்.

கணவர் நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தார். உப்பைப் பற்றிச் சொல்லலாம் என்றால் அவர் முன்னால் அப்போது தட்டு இல்லை.