ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

"டேட்டாபேஸ் அட்மின் வேலை உங்களுக்குத்தாம்மா. நாளைக்குக் காலையில வந்து ஆர்டர் வாங்கிக்குங்க" என்று மணிவண்ணன் சொன்னபோது ஜெயசித்ராவுக்கு முதலில் தோன்றியது, இனி ஒரு பஸ் போதும் என்பதுதான்.

மூன்று வருடமாக அரும்பாவூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு இன்னொரு பஸ். அரியலூர்க் கிளை ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயர் பதிகிற மேஜை அவளுடையது. கூட்டம் குறைந்த நேரத்தில் செல்போனில் பாடம் கேட்டு, நோட்டில் எழுதிப் பார்த்து, டேட்டாபேஸ் வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டாள். பெயரைப் பதிகிறவளாக இருந்தது போதும், பதிந்த பெயர்களையெல்லாம் தொலையாமல் காக்கிறவளாக வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை.

இன்று பெரம்பலூர்த் தலைமை ஆஸ்பத்திரியில் அதற்கான பரீட்சை நடந்தது. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் மணிவண்ணன் கொடுத்த வேலை இதுதான்: இரண்டு ஊர்ப் பதிவுகளையும் ஒன்றாக்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருந்தால் அரியலூர்ப் பதிவை நீக்கிவிட வேண்டும். பெயர், பிறந்த தேதி, ஊர், போன் நம்பர் நான்கும் ஒத்துப்போனவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் இருபதைக் கண்ணால் சரிபார்த்தாள். பிசகில்லை. மீதியை ஒரே கட்டளையில் முடித்தாள். மணிவண்ணன் அப்போதே ஆஸ்பத்திரியை நிர்வகிக்கிற எம்.டி.க்குப் போன் போட்டு, பாராட்டிச் சொல்லிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அப்பாவை அழைத்தாள். பெரியசாமி வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னா பாப்பா பரீட்ச வச்சாங்க?"

"ஒரே ஆளு ரெண்டு எடத்துல இருந்தா ஒண்ணாக்கணும்ப்பா. பேரு, பொறந்த தேதி, ஊரு, போன் நம்பர். நாலும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளு."

எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது. "அப்ப என்னையும் ஒன் சித்தப்பனையும் ஒண்ணாக்கிட்டியா? ரெண்டு பேருக்கும் கொலசாமி பேருதான். ஒரே நாள்ல பள்ளிக்கூடத்துல சேத்துவுட்டாங்க. வாத்தியாரு எல்லாத்துக்கும் ஒரே வருசம், ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. அவன்தான் போனே வச்சுக்கறதில்லையே, எங்க போனாலும் நம்ம ஊரையும் என் நம்பரையும்தான் குடுப்பான். அவனோட சுகர மட்டும் என் தலையில கட்டிராத, ஆமா!"

ஜெயசித்ரா சிரிக்கவில்லை. சித்தப்பா பெரியசாமி ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். போன வருடம் அரியலூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சுத் திணறி விழுந்தார். 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று அவர் பதிவில் சேர்த்தது அவள் கைதான். பெரம்பலூரில் இருந்த அப்பாவின் பதிவோடு எல்லாம் ஒத்துப்போனதால் அந்த வரி இப்போது இல்லை. இருபதைப் பார்த்துவிட்டு, மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கியதும் அதே கைதான்.

அரும்பாவூர் பஸ் வந்து நின்றது. ஏறிப் போனால் நாளை ஆர்டர். யாருக்கும் தெரியப்போவதில்லை. சித்தப்பாவுக்கு மட்டும் வீட்டில் சொல்லிவைத்துவிடலாம். ஆனால் முந்நூற்றுச் சொச்சத்தில் இன்னும் எத்தனை சித்தப்பாக்களோ?

பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தாள்.

அவள் சொன்னதை மணிவண்ணன் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஏம்மா, இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்? வர்றவங்க வரும்போது ஒவ்வொண்ணா திருத்திக்கலாமே."

"ஊசி போட்டப்புறம் எப்படி சார் திருத்தறது? ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். அதைப் பழையபடி ஏத்திடலாம்."

"அதுக்கப்புறம் வந்த எழுபது பேரோட பதிவு?"

"அவங்க பதிவுச் சீட்டு இருக்கு சார். நானே உக்காந்து டைப் அடிக்கிறேன்."

"எம்.டி. கிட்ட யாரு சொல்றது?"

"நானே சொல்றேன்."

"சொன்னா நாளைக்கு ஆர்டர் வராது. அதுக்கப்புறம் வருமான்னும் எனக்குத் தெரியாது."

"சரிங்க சார்" என்றாள்.

எம்.டி. அறையில் அவள் இரண்டு நிமிடம்தான் இருந்தாள். வெளியே வந்ததும், "நாளைக்கு ஆர்டர் இல்லைன்னுட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பழைய காப்பியை ஏற்றி, எழுபது சீட்டையும் அடித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பட்டியலைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, முதல் நம்பருக்குப் போன் போட்டாள்.

"செட்டிகுளம் திருமுருகன் வூடுங்களா?"

"ஆமாங்க" என்றது ஒரு பெண் குரல். "எந்தத் திருமுருகன் வேணும்? மாமன் மச்சான்னு இங்க ரெண்டு பேரு இருக்காங்க."

ஜெயசித்ரா பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மணிவண்ணன், பட்டியலின் கடைசி நான்கு தாள்களை உருவிக்கொண்டு தன் மேஜைக்குப் போனார். சற்று நேரத்தில் அவர் குரலும் கேட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வூட்ல எத்தன குஞ்சம்மாள்?"