கந்தவேலின் வாக்குமூலம்

கண்ணாடிவிரியன் கடித்தபோது வளவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாட்டு வைத்தியம் எழுதும் கந்தவேல், பாம்பு விஷத்துக்கு வேரே போதும் என்று ஃபேஸ்புக்கில் எழுதியிருந்ததை நம்பி, அந்த வேரை மென்றபடி மூன்று மணி நேரம் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டிலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் மல்லசமுத்திரத்தில் அவனை அடக்கம் செய்தார்கள்.

அவன் அக்கா அகல்யா திருச்செங்கோட்டில் நர்ஸ். காரியம் முடிந்த அன்றே கந்தவேலின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவரோடு வாதாடத் தொடங்கினாள். எட்டு மாதம். டாக்டர்களின் பேச்சு, ஆஸ்பத்திரிச் சீட்டு, தம்பியின் படம் எல்லாம் போட்டாள். "ஊசிக் கம்பெனி ஏஜெண்டு" என்று அவருடைய ஆட்கள் ஏசினார்கள். அவள் எழுத எழுத அவருக்குத்தான் ஆள் கூடியது. அவரைத் திருத்தும் எண்ணம் அவளுக்கு என்றோ போய்விட்டது. அவர் தலைகுனிவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், ஒருவர் மனைவியைத் தூக்கிக்கொண்டு அவள் வார்டுக்குள் ஓடிவந்தார்.

"விரியனுங்க அம்மிணி! கடிச்சு இருவது நிமிசந்தான் ஆச்சு. ஊசி போடுங்க!"

ஃபேஸ்புக் படத்தில் பார்த்த முகம். கந்தவேல். அகல்யாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு டாக்டரைக் கூப்பிட்டு, மருந்தை ஏற்றினாள். அந்தப் பெண்மீது அவளுக்குப் பகையில்லை.

மூன்றாம் நாள் மனைவி எழுந்து உட்கார்ந்ததும், அவரை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"வேர் குடுக்கலீங்களா?"

"அதெல்லாம் சும்மா எழுதறதுங்க. லைக்கு வருது. ஊட்டுக்காரிக்குப் போய்க் குடுப்பாங்களா?"

"எந்தம்பி தின்னானுங்க. வளவன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எட்டு மாதமும் தான் மல்லுக்கட்டியது நம்பிக்கையே இல்லாத ஒருவரோடு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்க பக்கத்துல, உங்க வாயால சொல்லுங்க. இப்பவே."

போனில் வீடியோ எடுத்து, வேர் வைத்தியம் பொய் என்று அழுதுகொண்டே சொன்னார். வளவன் பெயரையும் சொன்னார்.

பத்து நிமிடத்தில் வசை தொடங்கியது. "ஆஸ்பத்திரிக்காரன் எவ்வளவு குடுத்தான்?" அவர் பதில் எழுத எழுத இன்னும் மோசமானது. சென்றாயன் என்று ஒருவன் அதே வேருக்குப் புதுப் பக்கம் தொடங்கினான். எல்லாரும் அங்கே போனார்கள்.

அடுத்த வாரம், அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்தில் கந்தவேல் வந்து நின்றார்.

"ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க அம்மிணி. ஊட்டு மேல கல்லெறியறாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதுனீங்கன்னா..."

"எட்டு மாசம் எழுதுனனுங்க. இனி நீங்க எழுதுங்க. சாவற வரைக்கும் எழுதுங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். வளவன் போன பிறகு அன்றுதான் சோறு ருசித்தது.